பதினாறாவது தாள்

ஒப்பந்தம் நாற்பத்திரண்டு பக்கம்.
கையெழுத்து வைத்த அன்று கொழும்பில்
கேக் வெட்டி, கைகுலுக்கி, படமும் பிடித்தார்கள்.
என் வலயத்தை முகாமையாளர்
நீலப் பேனையால் வட்டமிட்டுக் காட்டினார்:
வடக்கே நிலாவெளி, தெற்கே சீனன்குடா.
வட்டத்தில் பாதி கடல்.
"கடலுக்கும் சேர்த்தா காசு?" என்றேன்.
சிரித்தார்.
பதில் நாலாம் சரத்தில் இருந்தது,
பிறகுதான் வாசித்தேன்.

ஒன்பதாம் சரத்து:
மாதம் பத்தாயிரம் உறை.
ஒவ்வொன்றிலும் பதினாறு விளம்பரத் தாள், குறையக்கூடாது.
ஆள் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்
உறைக்கு ஒரு ரூபா எண்பது உரிமைப்பணம்.
ஐந்தாம் திகதி தாண்டினால் மூன்று வீதம் மேலதிகம்.
இரண்டு மாதம் தவறினால் வட்டம் சுருங்கும்.
மூன்றாம் மாதம் வட்டமே இல்லை.
நீலப் பேனை அவர்களிடம்தான் இருக்கிறது.

ஆகவே நடக்கிறேன்.
பெருந்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை,
லிங்கநகரில் கணித ரியூசன்,
தண்ணிக்கடியில் மீன் காட்டும் உப்புவெளி சுசந்த
(வாடைக்காற்று தொடங்கினால் அவர் போனை எடுப்பதில்லை).
பல் வைத்தியர் அகிலேசபிள்ளை
வாய் திறக்கச் சொல்லிப் பழகியவர்,
காசு என்றதும் தன் வாயை மூடிக்கொண்டார்.
போன மாதம் பதினொன்று.
இந்த மாதம் எப்படியோ பதினைந்து.

முகவரிப் பட்டியலும் அவர்களே தந்தது.
அதற்கும் தனிக் கட்டணம்.
தபால்காரர் நிசார்தீன் ஒரு கட்டைத் திருப்பிக் கொண்டுவந்து
சைக்கிளைச் சாத்தாமலே சொன்னார்:
"தங்கச்சி, அந்த ஒழுங்கையில ஏழுக்குப் பிறகு பதினைஞ்சு.
நடுவில வெறும் பத்தை.
எட்டுக்கும் ஒம்பதுக்கும் நான் எங்க போய்த் தட்ட?"

தலைமையகத்துக்கு எழுதினேன்.
ஒரே வரியில் பதில் வந்தது:
வழங்கப்பட்டதாகக் கருதப்படும்.

அதிலிருந்து நானும் கருதிப் பழகினேன்.
இல்லாத கதவுகள் திறக்கின்றன எனக் கருதினேன்.
பத்தைக்குள் யாரோ உறையைக் கிழித்து
கண்ணாடிக்கு இருபது வீதம் கழிவாம்
என்று வாசிப்பதாகக் கருதினேன்.
யார் என்று மட்டும் கருதவில்லை.
அந்த ஒழுங்கையால் இப்போது போவதும் இல்லை.

மிச்சக் கட்டு ஒன்று கோட்டை வாசலில் அவிழ்ந்து விழுந்தது.
மான்கள் வந்தன.
புரியாணித் தாளை முகர்ந்துவிட்டு விட்ட ஒரு மான்
அடகுக்கடைத் தாளை நிதானமாகத் தின்றது,
வட்டிவீதம் உட்பட.
காலாண்டு அறிக்கையில் ஒரு கட்டம்:
வாடிக்கையாளர் பிரதிபலிப்பு.
"ஒன்று" என்று நிரப்பினேன்.
பொய்யில்லை.

இன்றைக்கு நாலாம் திகதி.
அச்சகத்தில் யோகராணி இயந்திரத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு
"பதினாறாவது எங்க அக்கா?" என்கிறாள்.
வெறுந்தாள் வைக்கலாமா என்று பார்த்தேன்.
பன்னிரண்டாம் சரத்து: வெறுந்தாளுக்கு அபராதம்.
அவளுடைய மேசையிலேயே இருந்து எழுதினேன்:

விற்பனைக்கு.
ஒரு வட்டம்.
பாதி கடல், மான்கள் உண்டு.
பத்தாயிரம் வீடுகள் (கருதப்படும்).
உரிமை மாற்றுக் கட்டணம் வாங்குபவரைச் சாரும்.
தொடர்புக்கு, என் இலக்கம்.

என் விளம்பரத்துக்கும் உரிமைப்பணம் உண்டு.
கட்டிவிட்டேன்.
ஐந்தாம் திகதிக்குள், ஒழுங்காக.

பத்து நாள் ஒன்றும் இல்லை.
பதினொராம் நாள் மத்தியானம் ஒரு அழைப்பு,
பின்னால் பஸ் ஹோர்ன், யாரோ மீன் விலை கூவுகிறார்.
மூதூர்ப் பக்கத்துக் குரல், இளம் பிள்ளை.
கடலைப் பற்றிக் கேட்கவில்லை.
வீடுகளை எண்ணிப் பார்த்தீர்களா என்றும் கேட்கவில்லை.
"அக்கா, இந்தத் தாளைக் கொண்டுவந்தா
கழிவு ஏதும் இருக்கா?"

நாற்பத்திரண்டு பக்கத்தையும் புரட்டினேன்,
அவன் லைனில் இருக்க.
கழிவு என்ற சொல் எங்கேயும் இல்லை.

"இருக்கு" என்றேன்.